‘இறக்கலாமா’ என்று கேட்டால்

என் மகளுக்கு முதல் மொட்டை பதினோராம் மாதமே போட்டிருக்க வேண்டியது. சளி என்று தள்ளிப்போட்டேன். சளி இருந்தது உண்மைதான். அது சீக்கிரமே போய்விட்டது, நான்தான் போகவிடவில்லை. யார் கேட்டாலும் “இன்னும் நெஞ்சுல கொஞ்சம் இருக்கு” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் ஒற்றைப்படையில்தான் முடி இறக்குவார்கள். அந்த மாதம் போனதால் மூன்றாம் வயதுக்குப் போனது. இப்போது அதுவும் முடியப்போகிறது. இதை விட்டால் ஐந்தாம் வயது. பள்ளிக்கூடத்துக்கு மொட்டைத் தலையோடு அனுப்ப வேண்டும்.

இத்தனைக்கும் நாங்கள் இருப்பது திருத்தணியில். எங்கெங்கிருந்தோ பஸ் ஏறி வருகிறவர்கள் பிள்ளைகளுக்கு மொட்டை போட்டு, சந்தனம் பூசி, மத்தியானச் சாப்பாட்டுக்கு ஊர் திரும்பிவிடுகிறார்கள். எங்கள் மாடியிலிருந்து பார்த்தாலே மலை தெரியும். நான் அங்கே துணி காயப்போட்டபடி பிளேடுகளைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பேன்.

பிளேடு ஒரு பயம்தான். அதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. என் மகள் கொஞ்ச நாளாகத் தண்ணீர் பாட்டிலின் மூடியை மூடிவிட்டு, மறுபடி திருகிப் பார்க்கிறாள். செருப்பைப் போடுமுன் கவிழ்த்துத் தட்டுகிறாள். இதெல்லாம் யாரைப் பார்த்துச் செய்கிறாள் என்று எனக்குத் தெரியும். மொட்டை போடும் இடத்தில் என் முகத்தைப் பார்த்து அவளும் பயந்துவிட்டால், பிறகு அந்தப் பயத்தை எந்த மருந்து போட்டு எடுப்பது?

இந்த நிலைமையில் பொறுப்புள்ள ஒரு தாய் என்ன செய்வாளோ, நான் அதைச் செய்யவில்லை. கல்லூரி விடுதியில் பார்த்த, முந்நூறு வருடம் கழித்து நடக்கிற ஒரு விண்வெளித் தொடரை முதலிலிருந்து மறுபடி பார்க்க ஆரம்பித்தேன்.

மகளைத் தூங்கவைக்கும் மத்தியான நேரத்தில் பார்ப்பதாகத் திட்டம். அவள் தூங்கவில்லை, மடியில் உட்கார்ந்து பார்த்தாள். குழந்தைக்குத் திரை காட்டுவது தவறு என்று நான் படித்திருக்கிறேன். அதனால் ஒவ்வொரு பகுதியையும் குற்ற உணர்ச்சியோடு பார்த்தேன், நிறுத்தவில்லை. மாமியாரும் வந்து சேர்ந்துகொண்டதால் தமிழ் டப்பிங்கில் போட வேண்டியதாயிற்று. கப்பலின் தலைவன் அதில் வானொலிச் செய்தி வாசிப்பவரைப் போல் பேசுவான். எந்தக் கிரகத்தில் கப்பலை இறக்குவதற்கு முன்னும் குழுவில் ஒவ்வொருவரிடமும் “இறக்கலாமா?” என்று கேட்பான். ஒவ்வொருவராக “இறக்கலாம்” என்று சொல்ல வேண்டும்.

விடுதியில் நாங்கள் எல்லோரும் அந்தத் தலைவன் கட்சி. அந்தக் கப்பலில் ஒருத்தி இருப்பாள், காற்றுக் கசிகிறதா என்று பார்ப்பது அவள் வேலை. அவளிடம் கேட்டால் மட்டும் விரலைத் தூக்கி “ஒரு நிமிஷம்” என்பாள். ஓடிப்போய்க் கதவின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டு வருவாள். பூட்டை இழுத்துப் பார்க்கிறவள் என்று அவளுக்குப் பெயர் வைத்திருந்தோம். அவள் காட்சி வந்தால் நூடுல்ஸ் கிளற எழுந்து போய்விடுவோம்.

நூடுல்ஸ் இல்லாமல் இப்போது உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, நான் அவள் கதையையே பார்த்ததில்லை. தொடரின் இரண்டாம் சீசனில் அவள் “ஒரு நிமிஷம்” என்று சொல்லும்போது யாரும் காத்திருக்கவில்லை. கதவு கசிகிறது. அவள் சொன்னது சரி என்று யாரும் சொல்லவும் இல்லை. அதற்குப் பிறகு அவள் இன்னும் மோசமாகிறாள், சுவரையெல்லாம் தடவுகிறாள். அந்தப் பகுதிகளைப் பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது. என் கை அப்போது மகளின் நெற்றியில் காய்ச்சல் இருக்கிறதா என்று தொட்டுக்கொண்டிருந்தது.

கடைசி சீசனில் ஒரு காட்சி. கதவைப் பார்க்கும் வேலையை அவள் வேறொருவனிடம் விட்டிருக்கிறாள். அவன் பார்த்துவிட்டு வருகிறான். தலைவன் கேட்கிறான். அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு “இறக்கலாம்” என்கிறாள். கேமரா பின்பக்கமாகப் போய் அந்த விரல்களைக் காட்டுகிறது. ஒன்றையொன்று பிழிந்துகொண்டிருக்கின்றன. பயம் போகவே இல்லை. பயத்தோடுதான் சொல்கிறாள்.

நான் அழுதுவிட்டேன். மாமியார் பதறிப்போனார்.

“இன்னா கண்ணு, யாருனா செத்துட்டாங்களா?”

“இல்ல அத்த. அந்தப் பொண்ணு சரின்னு சொல்லிட்டா.”

அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அதுக்கா அழுதுகினுகீற? நீ ஒரு தபா சரின்னு சொல்லேன், நானும் அழறேன்.”

அப்படித்தான் நாள் குறித்தோம். கிருத்திகை இல்லாத, கூட்டம் இல்லாத ஒரு நாள். முந்நூறு வருடம் கழித்து வாழப்போகிற ஒருத்தி வந்து சொல்லித்தான் நான் பக்கத்து மலைக்கு மொட்டை போடப் போனேன் என்பதை வெளியில் யாரிடமும் சொல்லவில்லை.

தாய்மாமன் மடியில் உட்காரவைத்து முடி இறக்க வேண்டும் என்பதால் அரக்கோணத்திலிருந்து என் தம்பி இரண்டு நாள் தங்குவதாக வந்திருந்தான். கணவருக்கு அன்று விடுப்பு கிடைக்கவில்லை. மாமியார் சந்தனக் கிண்ணத்தோடு ஆட்டோவில் முன்னால் ஏறிக்கொண்டார். தம்பி என் பையைத் தூக்கிப் பார்த்தான்.

“இன்னாக்கா இவ்ளோ கனம்?”

பிரிக்காத பிளேடு பாக்கெட், கிருமிநாசினி, பஞ்சு, சூடான தண்ணீர் ஒரு பிளாஸ்க், ஆறின தண்ணீர் ஒரு பாட்டில்.

“மொட்டைக்குப் போறோமா, ஆபரேஷனுக்குப் போறோமா?”

“நீ புடிச்சிக்கினு மட்டும் உக்காரு. அவ ஆடக்கூடாது.”

“நீ ஆடாம இருந்தா அவளும் ஆட மாட்டா.”

முடி இறக்கும் மண்டபத்தில் எங்களுக்கு முன்னால் ஆறேழு பேர் இருந்தார்கள். எங்கள் முறை வந்ததும் நான் என் பிளேடை நீட்டினேன். முடி எடுப்பவர் அதை வாங்கவில்லை. தன்னிடமிருந்த புதுப் பாக்கெட்டைப் பிரித்து, பிளேடை இரண்டாக ஒடித்துக் கத்தியில் மாட்டினார்.

“உன் எதிர்லதானம்மா ஒடச்சேன். பாத்தல்ல?”

“பாத்தேங்க. கத்தியக் கழுவினீங்களா?”

“ஆங், கழுவினேன்.”

“இன்னொரு தடவ கழுவறீங்களா?”

கழுவினார். வரிசையில் பின்னால் நின்ற ஒரு பெண்மணி தெலுங்கில் ஏதோ சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். எனக்குத் தெலுங்கு புரியாது. ஆனால் அது புரிந்தது.

தலையை நனைத்தார்கள். மகள் மாமன் மடியில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தாள். முடி எடுப்பவர் கத்தியை எடுத்து, தலையைச் சற்றே குனியவைத்து, எல்லோரிடமும் கேட்பதைப் போலத் தம்பியிடம் கேட்டார்.

“எறக்கலாமா?”

தம்பி வாயைத் திறப்பதற்குள் மடியிலிருந்து ஒரு விரல் மேலே போனது.

“ஒரு நிமிசம்.”

அவர் கை நின்றுவிட்டது. தம்பி சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கினான். “அக்கா, இது அச்சு அசல் உன் பொண்ணுதான்.” மாமியாருக்கு மட்டும் அது எங்கிருந்து வந்தது என்று தெரியும். அவர் என்னைப் பார்த்தார்.

நான் மகளைப் பார்த்தேன். அவள் அழவில்லை, பயப்படவும் இல்லை. தொடரில் இந்த இடத்தில் யாராவது போய்க் கதவைப் பார்த்துவிட்டு வருவார்கள். அவளும் அதற்காகக் காத்திருந்தாள். அவள் வீட்டில் அந்த வேலை யாருடையது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. தலையைத் திருப்பி நேராக என்னைத்தான் பார்த்தாள்.

கேட்க என்னிடம் இன்னும் கேள்விகள் இருந்தன. துண்டு சுத்தமா, காற்று ஜில்லென்று அடிக்கிறதே, நாளைக்கு வரலாமா? கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கம்பீரமாக நின்றேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஒரு கையில் கிருமிநாசினி, மறு கையில் பிளாஸ்க். கட்டிக்கொள்ள வழியில்லை.

“எறக்கலாம்” என்றேன்.

மகள் அதை வாங்கி அவரிடம் “எறக்கலாம்” என்று உத்தரவாகச் சொல்லிவிட்டு, தானே தலையைக் குனிந்துகொண்டாள்.

பாதியில் கண்ணில் தண்ணீர் இறங்கியபோது கத்தினாள். மாமன் மூக்கைப் பிடித்து ஆட்டியதும் நிறுத்தினாள். அவள் முடி இவ்வளவு கொஞ்சம்தானா என்று தரையைப் பார்த்து நினைத்தேன். அதற்குள் முடிந்துவிட்டது.

நான் துண்டை எடுத்துத் திரும்புவதற்குள் மாமியார் சந்தனக் கிண்ணத்தோடு முந்திக்கொண்டார். வழக்கமாக உச்சியில் ஆரம்பிப்பார்கள். அவர் இடது காதுக்குப் பின்னால் ஆரம்பித்தார், அதுவும் அவசரமாக. அவர் விரல் நகர்ந்த இடைவெளியில் நான் பார்த்துவிட்டேன், சின்னதாக ஒரு சிவப்புக் கீறல்.

அவரும் நான் பார்த்ததைப் பார்த்துவிட்டார்.

“இன்னா கண்ணு?” என்றார், மெதுவாக.

“ஒண்ணுமில்ல அத்த. அந்த எடத்துல இன்னும் கொஞ்சம் பூசுங்க.”

அவர் இன்னொரு விரல் சந்தனம் எடுத்துப் பூசினார்.

வீட்டுக்கு வந்து மகள் தூங்கியதும் பக்கத்தில் உட்கார்ந்து, காதுக்குப் பின்னால் மட்டும் ஈரப் பஞ்சால் சந்தனத்தை ஒற்றி எடுத்து மருந்து தடவினேன். கீறல் எறும்பு நீளம்கூட இல்லை. நிமிர்ந்தபோது மாமியார் கதவருகே நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை.

“ஆச்சா?” என்றார். “ஆச்சுன்னா இத்த மேல பூசிடு. காத்தாலக்கி உன் தம்பி பாத்தான்னா கிண்டல் பண்ணுவான்.”

மீதிச் சந்தனம் இருந்த கிண்ணத்தை என்னிடம் நீட்டினார்.