என் மாமாவும் வித்ஸ்டாண்டும்

‘வித்ஸ்டாண்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லை வைத்து ஒரு வாக்கியம் எழுதச் சொன்னார் வாத்தியார். அவர் அதற்குப் பொருள் சொன்ன அன்று நான் காய்ச்சலில் படுத்திருந்தேன். அதனால் நானே பிரித்துப் பார்த்துக்கொண்டேன். ‘வித்’ என்றால் கூட, ‘ஸ்டாண்ட்’ என்றால் நில். ‘என் மாமா எப்போதும் சர்க்காரை வித்ஸ்டாண்ட் செய்கிறார்’ என்று ஆங்கிலத்தில் எழுதினேன்.

வீம்புக்கு எழுதியதுதான். மதுரையில் கள்ளுக்கடை மறியல் நடந்த சமயம் அது. என் தாய்மாமன் போலீஸ்காரர். வகுப்பில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. “ஏலே, சிவப்புத் தொப்பி மருமகனே” என்பார்கள். அதை ஆரம்பித்து வைத்தவன் பழங்காநத்தத்துப் பையன் ஒருவன். அவனுடைய அண்ணன் தினமும் மறியலுக்குப் போகிறவன். ஆமாம், என் மாமா சர்க்கார் பக்கம்தான், உங்களால் என்ன செய்ய முடியும் என்று கேட்கவே எழுதினேன்.

வாத்தியார் பயந்துபோய் நோட்டை ஹெட்மாஸ்டரிடம் கொண்டுபோனார். அந்தச் சொல்லுக்கு எதிர்த்து நிற்பது என்று பொருளாம். அந்த வரியை அடித்துவிட்டு வேறு எழுது என்றார் ஹெட்மாஸ்டர். நான் நம்பவில்லை.

“எங்க மாமா சர்க்கார்கூடத்தான் சார் நிக்கிறாரு. அடிக்க மாட்டேன்.”

பிரம்பு முறிந்தது. நான் அடிக்கவில்லை. மாமாவுக்கு ஆள் போயிற்று.

மாமா உடுப்பில்லாமல் வேட்டியில் வந்தார்.

“இது வெளிய தெரிஞ்சா உங்க வேலை போயிரும். அடிக்கச் சொல்லுங்க” என்றார் ஹெட்மாஸ்டர்.

மாமா சிரித்துவிட்டார். “நீயும் அடிக்க மாட்டேன்னியாமே, மாப்ள?” என்று என்னைக் கேட்டுவிட்டு அவரிடம் திரும்பினார். “கள்ளுக்கட முன்னால பச்சப் பயலுகள அடிக்கச் சொன்னாக சார். நான் கம்ப ஓங்கல. மன்னிப்பு எழுதிக் குடுத்தா வேல நெலைக்கும்னாக. முடியாதுன்னுட்டு வாரேன். மாப்ள எழுதுனது சரிதான். அப்படியே கெடக்கட்டும்.”

“பொய்” என்று கத்தினேன். பிரம்புக்கு அடங்காத நான், அந்தத் தாளை நானே கிழித்துப் போட்டேன்.

பிற்பாடு ஆங்கிலத்தில் பட்டமே வாங்கினேன். ஆனாலும் அடுத்து நடந்ததை எழுத இந்த வயதிலும் கை கூசுகிறது.

பள்ளி வாசலில் பையன்கள் கூடியிருந்தார்கள். மாமா நீட்டிய கையை நான் பிடிக்கவில்லை. பழங்காநத்தத்துப் பையன் முன்னால் வந்து, மாமாவைப் பார்த்துக் கைகூப்பினான். மாமா கம்பை ஓங்காமல் நின்றது அவன் அண்ணனுக்கு முன்னால்தான் என்பது அப்போது எனக்குத் தெரியாது. வேலை போனவரை நையாண்டி செய்கிறான் என்று நினைத்தேன். கீழே கிடந்த கல்லை எடுத்து எறிந்தேன். அவன் புருவத்துக்கு மேல் பட்டது.

மாமா ஓடிப்போய்த் தன் துண்டை அவன் நெற்றியில் அழுத்தினார்.

“மெய்யாத்தாண்டா கும்புட்டேன்” என்று அழுதான் அவன்.

நான் அடுத்த கல்லைத் தேடிக்கொண்டிருந்தேன்.