இரண்டு வளையங்கள்

பட்டறையில் அவருக்குக் 'கம்பெனி' என்றே பெயர். கார் செய்த கம்பெனியின் ஆயில் ஃபில்டரைத் தவிர வேறெதையும் தொடமாட்டார். வெளி மார்க்கெட் ஃபில்டரோடு வருகிறவர்களை வாய்க்கு வந்தபடி பேசி அனுப்பிவிடுவார். மனைவியின் தம்பியை மட்டும் அப்படி விரட்ட முடியவில்லை. அவன் வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவன்.

"இதுவும் நல்லாத்தான் இருக்கும், மாட்டுங்க மாமா."

"இந்தக் குப்பையை மாட்டுறதுக்கு வண்டியைக் கிணத்துல தள்ளிடலாம்."

பழைய ஃபில்டரைக் கழற்றியதிலிருந்து புதியதை முறுக்கி முடிக்கும்வரை அவர் வாய் ஓயவில்லை.

அந்த வாரமே நெடுஞ்சாலையில் ஆயிலெல்லாம் ஒழுகி இன்ஜின் இறுகிப்போனது. காரைக் கட்டி இழுத்து வந்தார்கள்.

"அப்பவே தலைபாடா அடிச்சுக்கிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே அவர் அடியில் படுத்து ஃபில்டரைக் கழற்றினார். அதன் ரப்பர் வளையம் அதிலேயே இருந்தது. இன்ஜின் பக்கம் இன்னொரு வளையம் ஒட்டிக்கொண்டிருந்தது. போன தடவை அவரே மாட்டிய கம்பெனி ஃபில்டரின் வளையம் அது. பழையதைக் கழற்றியதும் அந்த இடத்தை விரலால் தடவிப் பார்ப்பது அவர் வழக்கம். அன்று திட்டுகிற மும்முரத்தில் மறந்திருக்கிறார். வளையத்தின் மேல் வளையம் உட்கார்ந்தால் எந்த ஃபில்டரும் ஒழுகும்.

வெளியே மச்சினன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான்.

"உங்க பேச்சைக் கேட்டிருந்தா வண்டி பிழைச்சிருக்கும் மாமா. என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்."

அவர் வளையத்தைப் பிய்த்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"இனிமேலாவது சொன்னதைக் கேளு" என்றார்.