தொண்டைக்குழியில் இரண்டு விரல்

ஞாயிற்றுக்கிழமை காலையில் தத்துவம் பேச வருகிறவன் எவனும் சும்மா வருவதில்லை. எங்கேயோ வாங்கின அடியைத் தடவிக்கொண்டுதான் வருகிறான். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. நான் படித்ததே ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு இரண்டு வருசம் வாரம் தவறாமல் போய், அங்கே வந்த ஒவ்வொரு முகத்தையும் பார்த்துத் தெரிந்துகொண்டது.

பால்கோவா கடைக்கு மேலே ஒரு மாடி அறை. கீழே பால் சுண்டுகிற வாசனை, மேலே நாங்கள் பத்துப் பேர். காலேஜில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் நடத்துகிறார். ஒரே ஒரு சட்டம்தான்: வீட்டுக்கதை பேசக்கூடாது, பொதுக்கேள்வி மட்டும். கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்த ஒருத்தர் எந்த வாரமும், "நீதின்னா என்ன?" என்றுதான் ஆரம்பிப்பார். கூடப்பிறந்தவர்கள் அவரைச் சொந்த வீட்டு வாசலுக்கு வெளியே நிறுத்தின கதை எங்கள் எல்லாருக்கும் தெரியும். தெரியாத மாதிரி உலகத்து நீதியைப் பற்றிப் பேசுவோம்.

என் கேள்வி, "மன்னிப்புன்னா என்ன?"

அதற்கு முன்னால் நாற்பது வருசம் நான் 'ஏன்' என்று ஒரு கேள்வி கேட்டவன் கிடையாது. 'எப்படி' என்று மட்டும்தான் கேட்டேன். அதனால்தான் வாடகைத் தறி இரண்டில் ஆரம்பித்தவன் சொந்தத் தறி இருபத்துநாலு ஓட்டினேன். ஆஸ்பத்திரிக்குப் போகிற கட்டுத்துணி. எந்த ஊரில் எவன் விழுந்து எழுந்தாலும் அவன் காலில் சுற்றியது என் துணியாக இருக்கலாம். கேட்டுக்கு வெளியே நின்று சத்தத்தை வைத்தே எந்தத் தறியில் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன். டிப்ளமோ படித்த மெக்கானிக் நட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "ஆமா மொதலாளி" என்பான். இன்றைக்கும் இந்தப் பக்கத்தில் அந்தக் காது வேறு யாருக்கும் இல்லை.

ஆரம்ப நாளில் என் பெஞ்சாதியும் தறி ஓட்டினாள். நாலாம் நம்பர் தறி. அவள் கைக்கு அது ஒருநாளும் மக்கர் பண்ணியதில்லை. தறிச் செட்டுக்குள் காது அடைக்கிற சத்தம், வாய்ப்பேச்சு எடுபடாது. உதடும் கைச்சாடையும்தான். அந்தச் சத்தத்துக்குள் நாங்கள் இரண்டு பேரும் பேசின பேச்சை வேறு எங்கேயும் பேசினதில்லை.

மலையைப் பார்த்தாற்போல் வீடு கட்டினதும், "மொதலாளி பெஞ்சாதி தறி ஓட்டினா ஊரு என்ன சொல்லும்?" என்று அவளை நிறுத்தினேன். நான் வெளியூர் போகிற நாளில் போய் நாலாம் நம்பரை ஓட்டிவிட்டு வருவாள் போல. ஒருநாள் எனக்குத் தெரிந்துபோயிற்று. புதுத் தறி இறக்குகிற சாக்கில் அதைப் பழைய இரும்புக்குப் போட்டேன்.

அன்றைக்கு மத்தியானம் சோற்றைப் போட்டுவிட்டுக் கேட்டாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீகளா?"

"ஒங்கிட்ட என்னட்டி கேக்கிறது? உனக்கு என்ன தெரியும்?"

அம்புட்டுதான். அதற்குப் பிறகு பதினொரு வருசம் அவள் என்னிடம் பேசவில்லை. "சோறு ஆயிட்டுன்னு சொல்லு" என்று மகளிடம் சொல்வாள். மகளை மதுரையில் கட்டிக்கொடுத்த பொறவு, நிலைக்கதவைப் பார்த்து, "சோறு ஆயிட்டு" என்பாள். சண்டையில்லாத வீடு என்று நான் வெளியே பெருமையடித்துக்கொண்டிருந்தேன். மகளும் என்னிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். அவளுக்குத் தெரியாதா?

பிறகு பக்கவாதம் வந்து அவளுக்கு நாக்கு இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம் நான் மட்டும் பக்கத்தில் இருந்தேன். அசைகிற ஒரு கையைத் தூக்கினாள். இரண்டு விரலால் தொண்டைக்குழியைத் தொட்டாள், தாலிக்கயிறு கிடக்கிற இடம். பிறகு உள்ளங்கையை என் பக்கமாக விரித்தாள். மூன்று தடவை. 'நீதான் என் புருசன், நல்லா இரு' என்கிறாள், மன்னித்துவிட்டாள் என்று அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சாயங்காலத்துக்குள் போய்விட்டாள்.

மகள் வந்ததும் முதலில் அதைத்தான் சொன்னேன். வருசக்கணக்காக என் முகத்தைப் பார்க்காத பிள்ளை என் தோளில் சாய்ந்து அழுதது. அதிலிருந்து ஞாயிறுதோறும் மத்தியானம் போன் பண்ணுகிறாள்.

அம்புட்டும் கிடைத்த பிறகு எனக்கு எதற்குத் தத்துவம்? ஒன்று உறுத்தியது. கையை விரித்தபோது அவள் கண் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பக்கத்தில் எதையோ பார்த்தது. மன்னிக்கிறவள் ஏன் வேறே பக்கம் பார்க்கணும்? அதைக் கேட்கத்தான் அந்த மாடி ஏறினேன்.

ஒரு வாரம் சட்டத்தை மீறி எல்லாவற்றையும் சொன்னேன். கையால் செய்தும் காட்டினேன். சட்டம் போட்ட வாத்தியாரே சட்டத்தை மறந்தார். "பற்றை உங்க கையில ஒப்படைச்சிட்டு, அதுக்கு அப்பால பாத்திருக்காங்க. அதான் விடுதலை" என்றார்.

குமாஸ்தா, "கொடுத்து வச்ச மனுசன்யா நீரு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படி இறங்கினேன்.

அந்த வாரமே சேத்தூரிலிருந்து ஒரு பொம்பளை பேத்தி கல்யாணப் பத்திரிகையோடு வந்தது. அந்தக் காலத்தில் மூன்றாம் நம்பரில் என் பெஞ்சாதிக்குப் பக்கத்தில் தறி ஓட்டினது. சுவரில் அவள் படத்தைப் பார்த்து, "அக்கா எப்படிப் போய்ச் சேந்தாக மொதலாளி?" என்று கேட்டது.

"என்னைய வாழ்த்திட்டுல்லா போனா! இப்படிச் செஞ்சா" என்று இரண்டு விரலைத் தொண்டையில் வைத்து, உள்ளங்கையை விரித்துக் காட்டினேன்.

அது சிரித்துவிட்டது. "ஆத்தாடி, இத்தனை வருசம் கழிச்சும் செட்டு ஞாவகம் பாருங்க அக்காளுக்கு! பஞ்சுத்தூசி தொண்டையில அடைச்சா நாங்க இப்படித்தான கேப்போம்."

"என்னத்த?"

"தண்ணி, மொதலாளி. பெருவிரலை வாயில வச்சா டீ. இது தண்ணி. நீங்களுந்தான அந்தச் சாடை பேசுனீக?" சிரிப்பு பாதியில் நின்றது. "குடுத்தீகள்ல?"

தண்ணி பாட்டில் என் முட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் மேலேதான் இருந்தது. கேட்டால் ஸ்பூனால் கொடுங்கள் என்று நர்ஸ் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தது.

அந்தப் பொம்பளை என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டது. "மகள்கிட்ட இதைச் சொல்லிராதீக" என்றுவிட்டு, போட்ட காப்பியைக் குடிக்காமல் எழுந்து போனது.

எட்டு மணி நேரம் தறிக்குள் நிற்கிற எவளைக் கேட்டாலும் ஒரு நொடியில் சொல்லியிருப்பாள். நான் இரண்டு வருசம் மாடி ஏறினேன். 'ஏன்' என்று கேட்பது அறிவுப்பசி என்கிறார் வாத்தியார். எனக்கு அப்படித் தெரியவில்லை. கைக்கெட்டின சின்னப் பதிலைப் பார்க்கத் தெம்பில்லாதவன்தான் பெரிய கேள்வியைத் தூக்கிக்கொண்டு அலைகிறான்.

அடுத்த ஞாயிறும் போனேன். "உண்மையைச் சொல்லித்தான் ஆகணுமா?" என்று கேட்டேன். வாத்தியாருக்கு ஒரே சந்தோசம். "அருமையான கேள்வி" என்று ஒரு மணி நேரம் அலசினார்கள். யாரிடம் சொல்ல வேண்டிய உண்மை என்று ஒருத்தரும் கேட்கவில்லை. சட்டம் அப்படி.

கீழே இறங்கினேன். போன் அடித்தது, மகள். "அப்பா, ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். ஆச்சி கையால வாழ்த்துனதை உங்க பேரனுக சொல்லச் சொல்லுதானுக. ஒருக்கா சொல்லுங்க."

பால்கோவா கடை வாசலில் நின்றே சொன்னேன். அந்தக் கதையை என்னைப்போல யாரும் சொல்ல முடியாது. கண்ணு போன திசையை மட்டும் விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் மாடி ஏறவில்லை. மகளிடம் வாயால் சொல்லவும் எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால் எழுதியிருக்கிறேன். அச்சில் வந்தால் அவள் படிப்பாள். படித்த பிறகு வருகிற ஞாயிறு போன் அடிக்காது.