அரை மில்லிமீட்டர்

பல் துலக்கிய ஈரக் கையைத் துடைத்ததும் பிசியோ அக்கா முதலில் தொட்டுப் பார்ப்பது இயந்திரத்தைத்தான். துணி காயப்போடும் பின்னறையில் மேசை போட்டு உட்கார வைத்திருக்கிறாள்: கணினி சொல்கிறபடி மரத்தைக் குடையும் சின்ன சிஎன்சி. பெட்டியில் பாகம் பாகமாக வந்ததை அவளே திருகி நிறுத்தினாள்.

வயது ஐம்பத்திரண்டு. பக்கவாதம் வந்த கைகளுக்கு மறுபடி அசைவு பழக்குவது மருத்துவமனையில் அவள் வேலை. முடியாது என்று யாராவது சொன்னால், "யாரு சொன்னா?" என்பாள். பெரிய டாக்டரிடமும் அதே கேள்விதான்.

நோயாளிகள் கட்டையைக் குழியில் பொருத்திப் பழக ஒரு பலகை வேண்டும். கடையில் கிடைப்பதில் எல்லாம் முயலும் யானையும் சிரிக்கின்றன. "பேரன் பேத்தி எடுத்தவங்க முன்னாடி இதையா வைக்கிறது?" என்று தானே செய்ய இறங்கினாள்.

முதல் பலகை ஓய்வுபெற்ற தபால்காரருக்குப் போனது. விளங்காத வலது கையால் கால் மணி நேரம் மல்லுக்கட்டினார். வட்டக் கட்டை குழியின் வாயிலேயே சிக்கி நின்றது. "விட்டுடும்மா. இந்தக் கை செத்துப்போச்சு" என்று பலகையைத் தள்ளிவிட்டார்.

வீட்டுக்கு வந்து அளந்தாள். குழி வட்டமே இல்லை. மேலிருந்து கீழே முப்பது மில்லிமீட்டர். குறுக்கே அரை மில்லிமீட்டர் குறைச்சல். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "கை சாகல. என் மெஷின் பொய் சொல்லியிருக்கு."

லேத் பட்டறையில் ஃபோர்மேனாக இருக்கும் அண்ணன் வந்து, வாசற்படியில் நின்றே தீர்ப்புச் சொன்னார். "இது பொம்மைம்மா. கணக்குல அரை மில்லி கூட்டிப் போட்டுட்டுப் போவியா!"

"பொய்ய மறைக்க இன்னொரு பொய்யா அண்ணே? நான் மாட்டேன்."

மூன்று நாள் மாலை வேளைகள் அதிலேயே போயின. சட்டத்தின் மூலைக்கு மூலை நூல் பிடித்தாள், இரண்டு குறுக்களவும் சமம். குடையும் முனையைக் கழற்றிவிட்டு பென்சிலைக் கட்டி நீளக் கோடு போடவிட்டாள். அளவுகோலோடு அச்சாகப் பொருந்தியது. அப்புறம்தான் அவளுக்குத் தன் தொழில் ஞாபகம் வந்தது. "நேரா நடக்கும்போது எல்லாரும் நல்லாத்தான் நடப்பாங்க. திரும்பச் சொல்லணும்."

குறுக்கே பத்து மில்லிமீட்டர் போகச் சொன்னாள், போனது. அதே பத்து திரும்பி வரச் சொன்னாள். அரை குறைவாக வந்து நின்றது. மோட்டார் தண்டிலிருந்து அதை அடுத்த தண்டோடு இணைக்கும் உருளை வரைக்கும் பேனாவால் ஒரே கோடு இழுத்து, டார்ச் அடித்துக்கொண்டு பார்த்தாள். திசை மாறும்போது தண்டின் கோடு முதலில் நகர்ந்தது. உருளையின் கோடு ஒரு கணம் சோம்பிக் கிடந்து பிறகு கிளம்பியது.

"மாட்டினியா!"

உருளையைத் தண்டோடு பிடித்திருக்கவேண்டிய பொடித் திருகு தளர்ந்திருந்தது. இறுக்கினாள். புதிதாகக் குடைந்த குழி எந்தப் பக்கம் அளந்தாலும் முப்பது.

"எவ்வளவு கூட்டின?" என்று அண்ணன் போனில் கேட்டார்.

"ஒண்ணும் கூட்டல. திருகு லூசு."

"எந்தத் திருகு? போட்டோ எடுத்து அனுப்பு" என்றார் ஃபோர்மேன்.

மறுநாள் தபால்காரர் வலது கையை மடியிலிருந்து எடுக்கவே மறுத்தார். அவள் பழைய பலகையையும் அளவுகோலையும் அவர் முன்னால் வைத்தாள். "அன்னிக்குத் தப்பு உங்க கையில இல்ல சார். குழி கோணல். அளக்காம கொடுத்தது என் தப்பு."

"ஆறுதலுக்குச் சொல்றியாம்மா?"

"நீங்களே அளந்து பாருங்க."

அளந்தார். இரண்டாம் முறையும் அளந்தார். பிறகு புதுப் பலகையை இழுத்துக்கொண்டார்.

முதல் கட்டை நடுங்கி, தடவி, 'டொக்'கென்று இறங்கியது. இரண்டாவதும் இறங்கியது. கடைசிக் கட்டையில் விரல்கள் சோர்ந்தன, நெற்றியில் வியர்வை. அவருடைய நல்ல கை, திருட்டுத்தனமாக உதவிக்கு ஊர்ந்து வந்தது.

பிசியோ அக்கா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே அந்த இடது கையைப் பிடித்து, மேசையோடு மேசையாக அழுத்தி வைத்துக்கொண்டாள்.