அக்காவிடம் மட்டும் பேசிய அம்மன்

அப்பாவுக்கு நைட் ஷிஃப்ட் வரும் வாரங்களில் பகலில் எங்கள் வீட்டில் யாரும் பேசக் கூடாது. வெளியே எங்கள் ஊர் மந்தாரக்குப்பம், பஸ் ஹாரனும் மாவு மில்லும் செல்போன் கடை ஸ்பீக்கருமாகக் கத்திக்கொண்டிருக்கும். உள்ளே இருந்தது ஒரே அறை. சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்த்துவிட்டு வந்தவர் அதில்தான் தூங்க வேண்டும். அம்மா குக்கரைப் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிப்போய் விசில் விட்டு எடுத்து வருவாள். என்னைத் தெருவுக்கு அனுப்பிவிடுவார்கள்.

“சின்னவ சும்மா நின்னாலே சத்தம் வருது,” என்பார் அப்பா.

அக்கா மட்டும் உள்ளே இருப்பாள். அம்மன் படத்துக்கு எதிரே கண்ணை மூடி உட்கார்ந்தால் அப்பா எழும்வரை அசைய மாட்டாள். ஒருநாள் பக்கத்து வீட்டு அத்தை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, “இந்தப் பொண்ணுகிட்ட அம்மன் பேசுதுங்க” என்று தெருவெல்லாம் சொன்னாள். அதிலிருந்து கோயில் பொங்கல் முதலில் அக்கா கைக்குத்தான் வந்தது. வெயிலில் நிற்பது எனக்குப் பழகிவிட்டது. பெரியவளானதும் பல ஊர்களில் வெயிலில் நின்று செய்யும் வேலையே என் பிழைப்பும் ஆனது. ஆனால் அம்மன் அவளோடு மட்டும் பேசுவதைத் தாங்க முடியவில்லை.

“என்னாக்கா சொல்றாங்க?” என்று கேட்டால் சிரிப்பாள். பங்கு தராமல் ஒளித்துத் தின்கிறாள் என்று நினைப்பேன்.

ஒருநாள் கம்மாபுரத்தில் ஒரு சாவு. அம்மா அக்காவைக் கூட்டிக்கொண்டு போனாள். தெருவில் என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் உள்ளே விட்டார்கள். அக்காவின் இடத்தில் அவளைப் போலவே உட்கார்ந்தேன். அப்பாவின் குறட்டை கேட்டது, ஃபேன் கிறீச்சிட்டது, காலில் கொசு கடித்தது. அம்மன் வாய் திறக்கவில்லை. கண்ணை இறுக்கிக்கொண்டு கெஞ்சினேன். பிறகு மனதுக்குள் திட்டினேன். அதற்கும் அப்பாவின் குறட்டைதான் கேட்டது.

சாயங்காலம் அக்காவை வாசலிலேயே மறித்தேன். “எங்கிட்டயும் பேசினாங்களே!”

அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “நெஜமாவாடி? என்னா சொன்னாங்க?”

“சொல்ல மாட்டேன். நீ மட்டும் சொன்னியா?”

அவள் முகம் சுருங்கிப்போனது. “நான் எத்தினி நாளா உக்காந்துகினு இருக்கேன். எங்கிட்ட ஒருவாட்டிகூடப் பேசினதில்லடி.”

ஜெயித்துவிட்டதாகத் தெருவில் குதித்தேன். மறுநாள் காலை அப்பா வந்து படுத்ததும் அவள் அதே இடத்தில் போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். நான் தெருவில் நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்து, தூங்கும் அப்பாவையும் பக்கத்தில் அவளையும் எட்டிப் பார்த்தேன். அங்கே அவளுக்கு ஒன்றும் கிடைப்பதில்லை என்று தெரிந்த பிறகும் என் வயிறு ஏன் அப்படி எரிந்தது என்பது மட்டும் அப்போது எனக்குப் புரியவில்லை.