அருமையான வாக்கியம்

கல்லூரியில் மாணவர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் ‘எழுவாய்’. அது காதில் விழுந்த அன்று அவர் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். வினையைச் செய்கிறவன்தானே எழுவாய்? இந்த மனிதர் தன் தாகத்துக்குக்கூட எழுந்துபோய்த் தண்ணீர் மொண்டு குடித்ததில்லை.

மொழியியல் பேராசிரியர். வாயைத் திறந்தால் எழுவாய், செயப்படுபொருள். அவருடைய அம்மாவுக்கு ஒரு கால் விளங்காமல் போனது. மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவள். அதனால் வீட்டோடு தங்க ஒரு நர்ஸ் வந்தாள். கடல் கடந்து வந்த பெண், தாய்மொழி தகலாக்; தமிழும் நன்றாகவே பேசுவாள். மாமியாருக்குத் துணை கிடைத்ததே என்று மனைவி நிம்மதியானாள். ஆராய்ச்சிக்கு ஆள் கிடைத்ததே என்று இவர் குதித்தார்.

சாப்பாட்டு மேசையில் கச்சேரி ஆரம்பமாகும்.

“இங்கிலீஷ்ல முன்னால நிக்கிறவன் செஞ்சவன், பின்னால நிக்கிறவன் வாங்கினவன். இடத்த மாத்தினா அடிச்சவனே அடி வாங்கினவனாயிடுவான். நம்ம தமிழ்ல அடி வாங்கினவன் பேரோட ‘ஐ’ ஒட்டினா போதும், எங்க வேணா நிக்கலாம். தகலாக்ல ‘அங்’னு ஒரு சின்னச் சொல். யாரைத் தூக்கிக் காட்டணுமோ அவங்க முன்னால அதைப் போடுவாங்க. உடனே வினையும் உருவத்த மாத்திக்கும். வாங்கின பொண்ணா, வாங்கின மீனா, வாங்கின கடையா, எது முக்கியம்னு வினையே சொல்லிடும்!”

“உங்கம்மாவுக்கு இன்னிக்கி மருந்து வாங்கினது யாரு? அதையும் வினை சொல்லுமா?”

“நல்ல கேள்வி” என்று சொல்லிவிட்டுச் சாதத்தைப் பிசைந்தார். குத்தல்கூட உறைக்காத ஜென்மம்.

சாயங்காலம் ஆனால் நர்ஸைத் தன் அறை வாசலுக்குக் கூப்பிடுவார். உட்காரச் சொல்லும் பழக்கம் கிடையாது. தன்னிடம் தகலாக்கில் மட்டும்தான் பேச வேண்டும் என்று உத்தரவு. அவள் ஒரு வாக்கியம் சொல்வாள். இவர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டே, “அருமை! இப்ப மீனை முன்னால கொண்டா” என்பார். பக்கத்து அறையில் அம்மா தண்ணீர் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோவாள். பெற்ற மகனுக்கு அந்தக் குரல் மட்டும் எந்த மொழியாகவும் தோன்றவில்லை.

அன்று மனைவி கடை முடிந்து கதவைத் திறந்தபோது நர்ஸ் அவர் அறை வாசலில் நின்று தன் மொழியில் கத்திக்கொண்டிருந்தாள். கையெல்லாம் ஈரம். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். உள்ளே பேனா ஓடிக்கொண்டிருந்தது.

“அருமை! நான் கேக்காமலே சொல்ற பாரு! இப்ப அம்மாவை விட்டுட்டு குளியலறைய முன்னால வெச்சு சொல்லு.”

மனைவிக்குத் தகலாக்கில் ஒரு சொல் தெரியாது. அந்த ஈரக் கையைப் பார்த்ததுமே பையைப் போட்டுவிட்டுக் கிட்டே போனாள்.

“என்னம்மா ஆச்சு?”

“அக்கா, பெரியம்மா குளிக்கிற ரூம்ல விழுந்துட்டாங்க! தனியா தூக்க முடியல. சார் எழுந்திரிக்கவே மாட்டேங்குறாரு!”

இருவரும் ஓடினார்கள். ஆம்புலன்ஸுக்குச் சொன்னதும், கிழவிக்குப் போர்வை போர்த்தியதும், தலையை மடியில் தாங்கியதும் அந்த இரண்டு பெண்கள்தான். பேராசிரியர் பேனாவோடு வந்து எட்டிப் பார்த்தார்.

“அவ உதாரணம் சொல்றாள்னு நெனச்சேன்” என்றார்.

அவருக்கு அந்த வாக்கியத்தில் ஒவ்வொரு சொல்லும் புரிந்திருந்தது. அதுதான் மனைவிக்கு ஆறவில்லை. புரியாமல் இருந்திருந்தால் முட்டாள் என்று மன்னித்திருப்பாள்.

தொடை எலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலருகே வந்து, “ரொம்ப வலிக்குதாம்மா?” என்றார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு மருமகளின் கையைப் பிடித்தாள்.

“தரையில கெடந்தப்ப இவன் குரல் கேட்டுதும்மா. அருமைன்னான். டாக்டர் கெடச்சுட்டாரு போல, புள்ள கூட்டிட்டு வரப் போறான்னு நெனச்சு, கத்தாம கெடந்தேன்.”