வயலில் வெடி

யானை வயலுக்குள் இறங்கினால், கமக்காரர் கிராம அலுவலரின் பரிந்துரையோடு விண்ணப்பித்து, அதைச் சத்தத்தால் விரட்டும் யானை வெடி பெறலாம். விண்ணப்பம் கிடைத்த அன்றே வெடியைக் கொடுக்கவேண்டும். விதி அப்படித்தான் சொல்கிறது. அரச கந்தோரில் தலை நரைத்தவன் என்பதால் இத்தகைய விதிகள் எனக்கு மனப்பாடம்.

துணுக்காயில் என் பக்கத்து வீட்டுக்காரி தனியாக வயல் செய்பவர். தை மாதம், கதிர் முற்றும் நேரத்தில் யானைகள் வரத் தொடங்கின. இந்தப் போகமும் அழிந்தால் காணியைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு ஆடைத் தொழிற்சாலைக்குப் போவதைத் தவிர வழியில்லை என்றார். விண்ணப்பத்தை நானே எழுதிக் கொடுத்தேன். தலைப்பு: ‘வயலில் யானை – வெடி பெறுதல் தொடர்பாக.’ கந்தோரில் கடிதங்களைப் பதிகிற எழுதுவினைஞருக்கு நீண்ட தலைப்புகள் பிடிக்காது. ‘வயலில் வெடி’ என்று சுருக்கிவிட்டார்.

போர் நடந்த வன்னியில் அதற்கு ஒரே அர்த்தம்தான். அடுத்த நாள் காலையிலேயே கண்ணிவெடி அகற்றுபவர்கள் வந்து, வயலைச் சுற்றிச் சிவப்பு நாடா கட்டி மண்டையோட்டுப் பலகையும் நட்டார்கள். ஒரு கடிதத்துக்கு இவ்வளவு விரைவாக ஆள் வந்ததை என் சேவைக்காலம் முழுவதிலும் நான் கண்டதில்லை.

“சேர், நான் யானைக்கு வெடி கேட்டனான். இவை என்ர வயலுக்கை வெடி கிடக்குதெண்டு வந்து நிக்கினம்!” என்று ஓடிவந்தார் பக்கத்து வீட்டுக்காரி.

இருவருமாகப் போனோம். நான் விளக்கியதை அவர்களின் மேற்பார்வையாளர் பொறுமையாகக் கேட்டார்.

“விளங்குது ஐயா. ஆனா முறைப்பாடு பதிஞ்சாச்சு. சோதிச்சு முடியுமட்டும் ஒருத்தரும் உள்ளுக்கை போகேலாது. அதுதான் நடைமுறை.”

“அப்ப யானை போகலாமோ தம்பி?” என்றார் வயல்காரி.

“யானையைப் பற்றி எங்கட நடைமுறையில ஒண்டும் இல்லை அக்கா.”

நாடாவை அவிழ்க்கக் கந்தோரின் கடிதம் வேண்டும். கடிதம் கொடுக்க, சோதித்து முடித்த சான்றிதழ் கந்தோருக்கு வேண்டும். சோதிக்கும் கருவியோ உழவு இயந்திரத்திலிருந்து கழன்று விழுந்த ஆணிக்கெல்லாம் கத்தியது. யானைகள் பலகையை வாசிக்கவில்லை. ஆறுதலாக வந்து, சாப்பிட்டு, மிச்சத்தை மிதித்துவிட்டுப் போயின.

கடைசியாகப் பயிர்க் காப்புறுதி உத்தியோகத்தர் வந்தார்.

“காவலுக்கு ஆர் நிண்டது?”

“உள்ளுக்கை போகக்கூடாதெண்டல்லோ சொன்னவை?”

“அப்ப காவல் இல்லையெண்டு எழுதுறன்.”

எழுதினார். நட்டஈடு இல்லை. காணி குத்தகைக்குப் போனது; வயல்காரி கிளிநொச்சிக்கு, தொழிற்சாலை பஸ்ஸில். பகலில் வீடு பூட்டிக் கிடப்பதால் அவருடைய தபால்களை இப்போது என்னிடம்தான் கொடுக்கிறார்கள். யானை வெடி அங்கீகரிக்கப்பட்டுள்ளது, தேசிய அடையாள அட்டையுடன் நேரில் வரவும் என்ற பதில் வந்தது, சித்திரை வருடப்பிறப்புக்கு முதல்நாள்.